ரப்பர் மேல நிக்கிற பாலங்கள்: வாசகர் கேள்வி-பதில்

போன இதழ்ல வேற ஏதோ கேள்விக்கு பதில் எழுதும்போது போற போக்குல, "நியூசிலாந்து, ஜப்பான்லயெல்லாம் நிறைய பாலங்கள தூணோட இறுக்கிக் கட்டறதில்ல, நடுவுல ரப்பர் வச்சு நகர விட்டுடறாங்க, நிலநடுக்கத்துக்கு அதுதான் நல்லது"ன்னு ஒரே ஒரு வரி எழுதி வச்சுட்டேன், அவ்வளவுதான், அந்த ஒத்த வரிக்கு வந்த லெட்டரும் வாட்ஸ்அப்பும் மேஜை மேல குவிஞ்சு கெடக்கு. பாதிப்பேர் நம்பல, மீதிப்பேர் "எப்படி சார்?"ன்னு கேட்டிருக்கீங்க. சரி, இந்த தடவை முழுசா இதுக்கே. நானும் பாலம் வேலையிலயே முடி நரைச்சவன், எனக்கும் பேசறதுக்கு ஒரு சாக்கு.

கே: எங்க வீட்டுப் பக்கத்து ஃப்ளைஓவருக்கு அடியில ஸ்கூட்டி நிறுத்தும்போது மேல பாத்தேன். தூணுக்கும் அதுக்கு மேல இருக்கற பீமுக்கும் நடுவுல கறுப்பா டயர் துண்டு மாதிரி ஒண்ணு வச்சிருக்காங்க. நீங்க சொன்ன ரப்பர் அதுதானா? (ஒரு வாசகி, வேளச்சேரி)

ப: தினமும் லட்சம் பேர் அது கீழ போறாங்க மேடம், அண்ணாந்து பாத்தது நீங்க ஒருத்தர்தான் போல. அது ரப்பர் பேரிங்தான். ஆனா நிலநடுக்கத்துக்காக வச்சது இல்ல, வெயிலுக்காக வச்சது. 30 மீட்டர் நீள கான்கிரீட் பீம் 30 டிகிரி சூடு ஏறுனா கிட்டத்தட்ட 11 மி.மீ. நீளும், ராத்திரி குளுந்தா மறுபடி சுருங்கும், அதுக்கு எடம் குடுக்கலன்னா தூணோட தலைய புடிச்சு தள்ளிக்கிட்டே இருக்கும், கொஞ்ச வருஷத்துல விரிசல்தான். லாரி போகும்போது பீம் லேசா வளையறதையும் அதே ரப்பர்தான் வாங்கிக்குது.

அது வெறும் ரப்பர் கட்டியும் இல்ல. சப்பாத்தி மாவு உருண்டைய உள்ளங்கையில வச்சு அமுக்குனா பக்கவாட்டுல பிதுங்குமில்ல, வெறும் ரப்பரும் பாலத்து எடைக்கு அப்படித்தான் பிதுங்கிப் போகும். அதனால ஒரு அடுக்கு ரப்பர், ஒரு இரும்புத் தகடு, மறுபடி ரப்பர், மறுபடி தகடுன்னு அடுக்கி சூட்டுல ஒட்டிடுவாங்க. தகடு ரப்பர பிதுங்க விடாது, அதனால மேலருந்து எவ்வளவு எடை வந்தாலும் கல்லு மாதிரி தாங்கும், ஆனா பக்கவாட்டுல தள்ளுனா சீட்டுக்கட்டு சரியற மாதிரி நெகிழ்ந்து குடுக்கும். இங்கிலாந்துல லிங்கன் ஊர்ல பெல்ஹாம் பாலத்துல 1957-லயே இந்த மாதிரி அடுக்கு ரப்பர் போட்டுட்டாங்க. நிலநடுக்கத்துக்கு வைக்கறதும் இதே குடும்பம்தான், சைஸ் பெருசு, உயரம் ஜாஸ்தி, அதோட வயித்துக்குள்ள ஒரு சமாச்சாரம் இருக்கும், அது கீழ வருது.

கே: நான் பாலிடெக்னிக்ல சிவில் படிக்கிறேன். தூண நல்லா தடிமனா, கம்பி நிறைய போட்டு பலமா கட்டிட்டா போதாதா சார்? ரப்பர் வச்சா பலம் குறையாதா? (மாணவர், சேலம்)

ப: தம்பி, இந்த கேள்விக்கு பதில் புரிஞ்சுட்டா மத்த எல்லாம் புரிஞ்சுடும், அதனால இதுக்கு கொஞ்சம் நேரம் எடுத்துக்கறேன்.

நிலநடுக்கம் பாலத்த வந்து அடிக்கறதில்ல. தரைதான் நகருது. மேல இருக்கற டெக், அதாவது வண்டி ஓடற தளம், ஆயிரக்கணக்கான டன், அது பாட்டுக்கு இருந்த எடத்துலயே இருக்கப் பாக்குது, நடுவுல மாட்டிக்கிட்ட தூண் என்ன பண்ணும், கீழ கால் ஓடுது மேல தலை வரமாட்டேங்குது, அந்த இழுபறியில ஒடியுது. தூண தடிமனாக்கினா அது இன்னும் விறைப்பாகும், விறைப்பான ஆட்டம் ரொம்ப வேகமான ஆட்டம், நிலநடுக்கத்தோட உதறல்லயும் பெரும்பாலும் அந்த வேகமான ஆட்டம்தான் உக்கிரமா இருக்கும். ரெண்டும் கைகோத்துக்கும். ஆக பலத்த கூட்டக் கூட்ட வர்ற விசையும் கூடிக்கிட்டே போகும், துரத்திப் புடிக்கவே முடியாது.

வீட்டுல தூளி கட்டிப் பாத்திருப்ப. உத்தரத்துல பொடவைய கட்டி தொங்க விட்டு குழந்தைய போட்டிருக்காங்க. இப்ப யாராவது அந்த உத்தரத்தப் புடிச்சு கிடுகிடுன்னு வேகமா உலுக்கறாங்கன்னு வச்சுக்க, மேல கயிறு நடுங்கும், உள்ள தூங்கற குழந்தைக்கு ஒண்ணுமே தெரியாது, ஏன்னா தூளியோட ஆட்டம் மெதுவானது, அந்த வேகத்துக்கு அது பதிலே சொல்லாது. அதே குழந்தைய கால் வச்ச மரக்கட்டில்ல போட்டு தரைய உலுக்கிப் பாரு, அலறிடும். பாலத்த கட்டில்லருந்து தூளிக்கு மாத்தறதுதான் மொத்த வித்தையும். சாதாரணமா ஒரு செகண்டுக்குள்ள ஒரு ஆட்டம் ஆடற பாலத்த ரப்பர் மேல உக்கார வச்சு ரெண்டு, மூணு செகண்டுக்கு ஒரு ஆட்டம்னு ஆக்கிடறாங்க. தரையோட உதறல் அடியில கடந்து போயிடும்.

கட்டில் பாலத்துக்கு என்ன ஆகும்னு பாக்கணும்னா ஜப்பான்ல கோபே நிலநடுக்கம். 1995 ஜனவரி 17, விடியக்காலை 5:46. தூண் மேல போற ஹான்ஷின் எக்ஸ்பிரஸ்வேல சுமார் 635 மீட்டர் நீளத்துக்கு ரோடு அப்படியே ஒருக்களிச்சு சாஞ்சு படுத்துடுச்சு, அந்த போட்டோவ நீயும் பாத்திருப்ப. அந்த எடத்துல ஒத்தத் தூண், தூணும் டெக்கும் ஒரே கான்கிரீட்டா சேத்து வார்த்தது. பழைய விதிப்படி மேல இருக்கற எடையில அஞ்சுல ஒரு பங்கு பக்கவாட்டு விசைக்குதான் டிசைன், அன்னிக்கு கோபேல பதிவானது புவியீர்ப்பு முடுக்கத்துல 0.8 பங்கு, அதாவது டிசைன் கணக்கவிட நாலு மடங்கு. தூணுக்குள்ள மேல போற கம்பிய பாதியில நிறுத்தின எடம்தான் முதல்ல விட்டுக்குடுத்துச்சுன்னு பிற்பாடு சொன்னாங்க. அதுக்கப்புறம்தான் ஜப்பான்ல இரும்பு பேரிங்க கழட்டிட்டு ரப்பர் பக்கம் மொத்தமா சாஞ்சாங்க.

ஆனா ஒண்ணு தம்பி, தூளிய உலுக்குனா குழந்தைக்கு விசை குறையுது, சரி, தூளி போயிட்டு வர்ற தூரம் ஜாஸ்தியாகுமே. பக்கத்துல செவுரு இருந்தா? இத ஞாபகம் வச்சுக்க, கடைசி வரைக்கும் இது வரும்.

கே: ரப்பர் மேல பாலம் நிக்குதுன்னா, நான் லோடு வண்டில சடன் பிரேக் போட்டா பாலமே முன்னாடி போயிடாதா? (டிரைவர், திருநெல்வேலி)

ப: போகாது அண்ணாச்சி. அதுக்குதான் ஈயம். அடுத்த பதில்ல பாருங்க.

கே: ரப்பருக்குள்ள ஈயம் வைப்பாங்கன்னு படிச்சேன். பேட்டரில இருக்கற அதே ஈயமா? அவ்வளவு மெத்துன்னு இருக்கறது பாலத்துக்கு எதுக்கு? (ஆசிரியை, மதுரை)

ப: அதே ஈயம்தான் டீச்சர், ஆனா ரொம்ப சுத்தமானது. கதை நியூசிலாந்துலருந்து வருது. வெலிங்டன் பக்கத்துல அரசாங்க ஆராய்ச்சிக்கூடம் ஒண்ணுல பில் ராபின்சன்னு ஒரு விஞ்ஞானி, 1970-கள்ல. ரப்பர் மட்டும் வச்சா பாலம் தூளி மாதிரி ஆடும், ஆனா ஆட்டம் நிக்காது, ஆடிக்கிட்டே இருக்கும், அத அடக்கறதுக்கு ஏதாவது வேணும். முதல்ல இரும்புக் கம்பிய வளைய விட்டுப் பாத்தாங்க. ஒரு கம்பிய முன்னாடி பின்னாடி வளைச்சுக்கிட்டே இருங்க, சூடாகும், அந்த சூடுதான் ஆட்டத்தோட சக்திய தின்னது, நல்லதுதான், ஆனா பத்து இருபது தடவையில பட்டுன்னு ஒடிஞ்சுடும். ஈயம் அப்படி ஒடியாது. வளைச்சு நசுக்கினா உள்ள இருக்கற படிகமெல்லாம் கலையும், ஆனா சாதாரண அறை வெப்பத்துலயே அது தானா மறுபடி ஒழுங்காயிடும், இரும்பு அப்படி ஆகணும்னா உலையில வைக்கணும். அதனால எத்தனை தடவை நசுக்கினாலும் ஈயம் புதுசு மாதிரி. ராபின்சன் ரப்பர் பேரிங்கோட நடுவுல ஓட்டை போட்டு ஒரு ஈய உருளைய இறுக்கமா திணிச்சாரு. அவ்வளவுதான் கண்டுபிடிப்பு! கேட்டா இதுல என்ன இருக்குன்னு தோணும், இன்னிக்கு ஜப்பான், துருக்கி, சிலி எல்லா எடத்துலயும் அதுதான் உக்காந்திருக்கு. வெலிங்டன்ல 1980-கள் தொடக்கத்துல வில்லியம் கிளேட்டன் பில்டிங்க அது மேலதான் கட்டினாங்க, பாலங்களுக்கு அதுக்கு முன்னாடியே போட்டாச்சு.

திருநெல்வேலி அண்ணாச்சிக்கு: சின்ன விசை வரும்போது, உங்க பிரேக், காத்து, இந்த மாதிரி, ஈயம் விறைப்பா நின்னு பாலத்த புடிச்சுக்கும். குறிப்பிட்ட அளவு தாண்டி விசை வந்தாதான் அது நெகிழும். நிலநடுக்கம் நின்னதும் ரப்பரோட இழுவை பாலத்த பெரும்பாலும் பழைய எடத்துக்கே கொண்டு வந்துடும்.

கே: ரப்பரே இல்லாம, கிண்ணம் மாதிரி ஒண்ணு வச்சும் செய்வாங்களாமே? (இன்ஜினியரிங் மாணவி, ஈரோடு)

ப: ஆமாம்மா, எனக்கு ரொம்ப பிடிச்சது அதுதான். கலிபோர்னியாவுல விக்டர் ஜாயஸ் 1980-கள்ல கண்டுபிடிச்சது. உள்குழிவா வழவழன்னு ஒரு இரும்புக் கிண்ணம், அதுல வழுக்கற ஒரு குமிழ், குமிழ் மேல பாலம். தரை ஆடுனா கிண்ணம் நகரும், குமிழ் கிண்ணத்தோட சரிவுல ஏறும், அப்புறம் பாலத்தோட எடையே அத நடுவுக்கு இறக்கிடும். இது தூளிய தலைகீழா கவுத்து வச்ச கணக்கு, கயிறுக்கு பதிலா கிண்ணத்தோட வளைவு ஆரம். ஸ்கூல்ல படிச்ச ஊசல் சூத்திரம் அப்படியே பொருந்தும்: ஆரம் 2.2 மீட்டர் இருந்தா ஒரு ஆட்டத்துக்கு கிட்டத்தட்ட 3 செகண்ட். தூளில ஒல்லிக் குழந்தை இருந்தாலும் குண்டுக் குழந்தை இருந்தாலும் ஆட்ட நேரம் ஒண்ணுதான் இல்லையா, இதுலயும் அப்படித்தான், பாலம் காலியா இருக்கா லாரி நிறைஞ்சு நிக்குதான்னு கவலையே இல்ல.

பழைய பாலத்துக்கும் மாட்டலாம். சான்பிரான்சிஸ்கோ பக்கம் 1962-ல திறந்த பெனிசியா-மார்ட்டினஸ் பாலத்துக்கு பிற்பாடு மாட்டின கிண்ணம் ஒவ்வொண்ணும் சுமார் 4 மீட்டர் விட்டம், 18 டன் எடை.

கே: எல்லாம் நல்லா சொல்றீங்க. இந்த டெக்னாலஜி தோத்த எடம் ஒண்ணாவது உண்டா? இல்ல கம்பெனி பிரோஷர் படிக்கறீங்களா? (சிவில் கான்ட்ராக்டர், கோவை)

ப: குத்தினாலும் நியாயமான குத்துதான். உண்டு.

துருக்கில இஸ்தான்புல்லுக்கும் அங்காராவுக்கும் நடுவுல போற மோட்டார்வேல போலு வயாடக்ட்னு 2.3 கி.மீ. பாலம். கட்டி முடிக்கற நேரம், நழுவற பேரிங், சக்திய தின்ன இரும்பு டாம்பர் எல்லாம் போட்டு நவீனமா கட்டினது. 1999 நவம்பர் 12, ட்யூஸ்ஜேல 7.2 அளவு நிலநடுக்கம், பூமி பிளந்த கோடு நேரா அந்த பாலத்துக்கு அடியிலயே குறுக்க போயிடுச்சு. ஒரு பக்கத்து தூண்களுக்கும் மறு பக்கத்து தூண்களுக்கும் நடுவுல தரையே சுமார் ஒண்ணரை மீட்டர் விலகிடுச்சு. எந்த பேரிங் அத தாங்கும்? பேரிங்கெல்லாம் தெறிச்சு விழுந்துச்சு, டாம்பர் நாசம், டெக் எடம் மாறி உக்காந்துடுச்சு. விழல. பக்கவாட்டுல வச்ச தடுப்புக் கட்டையும் கேபிளும் புடிச்சு வச்சது. ஆனா அப்புறம் ஆராய்ஞ்சவங்க சொன்னது இன்னும் கசப்பு, பூமி அடியில பிளக்காம வெறுமனே ஆடியிருந்தாலும் அந்த பேரிங்குக்கு விட்டிருந்த நகர்வு தூரம் பத்தாதுன்னு கணக்கு காட்டினாங்க. ரிப்பேர் பண்ணும்போது கிண்ண பேரிங் மாட்டினாங்க.

ஜப்பான்ல 2016 ஏப்ரல் குமமோட்டோ நிலநடுக்கத்துல ஓகிரிஹாதா பாலத்தோட ரப்பர் பேரிங்கே கிழிஞ்சு போச்சு, டெக் பக்கவாட்டுல நகந்துடுச்சு, அங்கயும் பாலம் விழல. 2011-லயும் செண்டாய் பக்கம் ரப்பர் கிழிஞ்சது உண்டு. ஆக சார், இது மந்திரம் இல்ல. எவ்வளவு தூரம் நகர விடணும்னு போட்ட கணக்கு தப்பினா ரப்பர் இருந்தும் பிரயோஜனம் இல்ல.

இன்னொண்ணு, எல்லா மண்ணுக்கும் இது ஆகாது. மெக்சிகோ சிட்டி பழைய ஏரி மேல உக்காந்த ஊரு, 1985 செப்டம்பர் 19-ல நிலநடுக்க மையம் 350 கி.மீ.க்கு மேல தள்ளி இருந்தும், அந்த சேத்து மண்ணு ரெண்டு செகண்டுக்கு ஒரு ஆட்டம்னு மெதுவா ஆடி நடுத்தர உயர பில்டிங்குகள தேடித் தேடி சாய்ச்சுது. அந்த மாதிரி மண்ணுல தூளி கட்டினா தரையே தூளிய சரியான தாளத்துல ஆட்டி விட்டுடும்.

கே: பேரிங் எப்பவும் தூணோட தலையிலதான் வைக்கணுமா? (ஒரு வாசகர், தஞ்சாவூர்)

ப: ரொம்ப நல்ல கேள்வி. வேண்டியதில்ல. கிரீஸ்ல ரியோ-ஆன்டிரியோ பாலம், 2004-ல திறந்தது. கடல் அடி 65 மீட்டர் ஆழம், கீழ பாறையே கிடையாது, போதாததுக்கு ரெண்டு கரையும் வருஷா வருஷம் ஒண்ணவிட்டு ஒண்ணு மெல்ல விலகிக்கிட்டு போகுது. அவங்க என்ன பண்ணாங்க, கடல் தரையில இரும்புக் குழாய்கள அடிச்சு மண்ண கெட்டிப்படுத்தி, மேல சரளைக் கல்லு பரப்பி, 90 மீட்டர் விட்டத்துல ஒரு பிரம்மாண்டமான தட்டு அஸ்திவாரத்த அது மேல சும்மா வச்சாங்க. ஒட்டல, கட்டல. பெரிய நிலநடுக்கம் வந்தா அஸ்திவாரமே சரளை மேல வழுக்கிக்கும். பக்கத்து பக்கத்து தூணு ரெண்டு மீட்டர் வரைக்கும் விலகினாலும் தாங்கணும்னு கணக்கு. 2008 ஜூன்ல பக்கத்துலயே 6.4 வந்துச்சு, பாலம் நின்னுச்சு.

நியூசிலாந்துல 1981-ல திறந்த தெற்கு ரங்கிடிகெய் ரயில் பாலம் இன்னும் வேடிக்கை, 78 மீட்டர் உயரம். தூண் ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு கால், நிலநடுக்கத்துல அது ஒரு கால தூக்கி, அத வச்சுட்டு மறு கால தூக்கும், நடக்கப் பழகற குழந்தை மாதிரி. காலடியில முறுக்கிக்கற இரும்பு டாம்பர் இருந்து வேகத்த குறைக்கும்.

கே: எங்க எஸ்டேட் ரப்பரும் பாலத்துக்கு போகுமா? ரப்பர் செருப்பே ரெண்டு வருஷத்துல வெடிச்சுப் போகுது, பாலத்துல எத்தனை வருஷம் தாங்கும்? (ரப்பர் விவசாயி, குலசேகரம்)

ப: இயற்கை ரப்பர் இந்த வேலைக்கு அருமையான சரக்கு, அதனால பெருமைப்பட்டுக்கலாம். ஆயுச பத்தி பயம் வேண்டாம். செருப்பு மெல்லிசு, வெயிலும் ஓசோனும் முழுக்க ஊடுருவிடும். தடிமனான கட்டில அது மேல்தோல மட்டும்தான் தொடும். ஆஸ்திரேலியாவுல மெல்பர்ன் ரயில் வயாடக்டுக்கு 1889 வாக்குல ரப்பர் பேட் போட்டாங்க, நூறு வருஷம் கழிச்சு பாத்தப்பவும் மேல்தோல்தான் கெட்டிருந்துச்சு, உள்ள நல்லா இருந்துச்சு. தவிர பாலத்த ஜாக்கி வச்சு கொஞ்சம் தூக்கி பேரிங்க மாத்திக்கலாம், மாத்தற மாதிரி எடம் விட்டு கட்டியிருக்கணும், அவ்வளவுதான்.

கே: 2001 செப்டம்பர்ல எங்க ஊர்ல நிலம் ஆடினது இன்னும் மறக்கல. நம்ம பக்கத்து பாலத்துக்கும் இதெல்லாம் போடணுமா? (ஓய்வுபெற்ற தபால் ஊழியர், புதுச்சேரி)

ப: செப்டம்பர் 25, கடலுக்குள்ள வந்தது, சென்னை வரைக்கும் தெரிஞ்சுது ஐயா. என் அபிப்பிராயம், நம்ம ஊர் ஒவ்வொரு ஃப்ளைஓவருக்கும் ஈய பேரிங் கேக்கறது வீண் செலவு. 2002-ல திருத்தின நிலநடுக்க வரைபடத்துல ரெண்டுலருந்து அஞ்சு வரைக்கும் மண்டலம், நம்பர் ஏற ஏற ஆபத்து ஜாஸ்தி; அதுல சென்னை மூணாவது மண்டலம், தமிழ்நாட்டுல மீதி எடமெல்லாம் ரெண்டு இல்ல மூணு. கட்ச், அசாம் எல்லாம் அஞ்சு, இமயமலை அடிவாரம் நாலு இல்ல அஞ்சு, அங்கதான் இத யோசிக்கணும். 2001 ஜனவரி 26 பூஜ் நிலநடுக்கத்துல சூரஜ்பாரி பாலத்தோட பேரிங்கெல்லாம் சேதமாச்சு. அதுக்கப்புறம் பூஜ்ல புதுசா கட்டின ஆஸ்பத்திரிக்கு நியூசிலாந்து ஈய-ரப்பர் பேரிங்தான் போட்டாங்க.

நம்ம ஊருக்கு வேணும்ங்கறது அதவிட சிக்கனமான விஷயம்: பீம் உக்கார்ற எடத்த அகலமா விடறது, பக்கவாட்டுல நழுவாம தடுப்புக் கட்டை வைக்கறது. 1989 நிலநடுக்கத்துல சான்பிரான்சிஸ்கோ-ஓக்லண்ட் பே பாலத்துல மேல் தளத்துல 15 மீட்டர் துண்டு கீழ் தளத்து மேல விழுந்துச்சு, அது உக்காந்திருந்த விளிம்பு வெறும் 13 செ.மீ. அகலம்தான்.

கே: பாலத்து மேல போகும்போது நிலநடுக்கம் வந்தா? (கல்லூரி மாணவி, வேலூர்)

ப: சடன் பிரேக் போடாதீங்க, வேகத்த குறைச்சு பாலத்த விட்டு வெளிய வந்து ஓரமா நிறுத்துங்க. ஃப்ளைஓவருக்கு அடியில மட்டும் ஒதுங்காதீங்க.

கே: ஃப்ளைஓவர்ல ஜாயின்ட் வர்ற எடத்துல எல்லாம் பைக் தடக்கு தடக்குன்னு தூக்கிப் போடுது, முதுகு வலி. அந்த கேப்ப தார் ஊத்தி அடைச்சா என்ன? (ஒரு வாசகர், திருச்சி)

ப: ஊத்திடாதீங்க சாமி! தூளி பக்கத்துல செவுரு இருந்தா என்ன ஆகும்னு சேலம் தம்பிகிட்ட கேட்டேன்ல, அந்த செவுரு இதுதான். சாதாரண பாலத்துல அந்த கேப் வெயிலுக்கு நீள்றதுக்கு, கொஞ்சம் செ.மீ. போதும். நிலநடுக்க பேரிங் போட்ட பாலத்துல நாலா பக்கமும் நகரணும், அதனால கேப்பும் பெருசு, சீப்புப் பல்லு மாதிரி கோத்த இரும்பு ஜாயின்டெல்லாம் போடுவாங்க. அத தாரோ மண்ணோ அடைச்சுட்டா கோடி ரூபாய் பேரிங் கீழ சும்மா உக்காந்திருக்கும், டெக் அடுத்த டெக்க போயி மோதும்.

நான் வேலையில இருந்தப்ப ஒரு பாலத்துக்கு இன்ஸ்பெக்‌ஷன் போனேன், ஜாயின்டுக்குள்ள டார்ச் அடிச்சு பாத்தா மண்ணு, வாழைப்பழத் தோல், செருப்பு ஒத்தக்கால், அதுக்கு மேல நல்லா உயரமா ஒரு பப்பாளிச் செடி, ஒரு காயும் காய்ச்சிருந்துச்சு. ரிப்போர்ட்ல பப்பாளிய எழுதல, மத்ததெல்லாம் எழுதிக் குடுத்தேன். உங்க ஜாயின்ட் தூக்கிப் போடுதுன்னா ரப்பர் சீல் பிஞ்சிருக்கும், இல்ல ஓரத்து கான்கிரீட் உடைஞ்சிருக்கும், அத மாத்தச் சொல்லி எழுதிப் போடுங்க. எழுதும்போது எத்தனாவது தூண்னு நம்பர் போட மறந்துடாதீங்க, தூண் மேல பெயின்ட்ல எழுதியிருப்பாங்க.